அண்ணனுக்குச் சொல்லாத வெயில்

போன வருடம் சித்திரையில், எங்கள் குடும்பப் பொது நிலமான ஆறு மாவில், அதாவது இரண்டு ஏக்கரில், நான் போட்டிருந்த கோடை நெல் பதராகப் போனது. கதிர்கள் விறைப்பாக நின்றன. மணி பிடித்திருந்தால்தானே தலை சாய்வதற்கு?

வைகாசி முதல் ஞாயிறு குத்தாலத்தில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எனக்கு நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்த என் அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தம்பி வயல்ல நெல்லெல்லாம் விளையாதுங்க. நேரா உமிதான். செங்கல் சூளைக்கு வேணும்னா இப்பவே சொல்லி வைங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்போது மணி பன்னிரண்டே கால். நூலக வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எதையும் தேதி, மணியோடு குறித்து வைப்பது என் பழக்கம்.

அந்த வாரமே சென்னையிலிருக்கும் தங்கை போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: இனி சாகுபடி பெரியண்ணன் பார்க்கட்டும். அப்பா காலத்துக்குப் பிறகு நான் உழுத நிலம் ஒரே போனில் கைமாறியது.

கோபம் வந்தால் நான் படிப்பேன். அந்த வருடம் நெல்லைப் பற்றியே படித்தேன். நெல் பூ காலை ஒன்பது மணிக்கு மேல் விரியும். ஒரு மணி நேரம் போலத் திறந்திருந்து மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வெயில் மிஞ்சினால் மகரந்தம் வீணாகி, உமி மட்டும் மிஞ்சும். ஆனால் பயிர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. சூடு ஏறுவதைச் செல்லின் மேல்சவ்வு உணர்ந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் இன்னொன்றை எழுப்ப, அது அடுத்ததை எழுப்புகிறது. இப்படிக் கைமாறிய சேதி உட்கருவை எட்டிய பிறகு, வெப்பத்தில் குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்க வேறு புரதங்கள் உருவாகின்றன. இதற்கெல்லாம் அவகாசம் வேண்டும். சூடு படிப்படியாக ஏறினால் பயிர் தயாராகிக்கொள்ளும். திடீரென்று அடித்தால் தயாராகுமுன் பூ கெட்டுவிடும்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பூ எடுப்பதற்கு முன் நாலு நாள் கோடை மழை. ஐந்தாம் நாள் வானம் வெளுத்து, வெப்பமானி ஒரே பாய்ச்சலில் ஏறியிருந்தது. அன்று காலைதான் முதல் பூ. நான் எந்தத் தவறும் செய்யவில்லை. அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

இந்த வருடம் அண்ணன் நடவைப் பத்து நாள் பிந்தி வைத்தார். விரல்விட்டு எண்ணினேன். சித்திரையின் கொடும் வெயிலில் பூ வரும். அந்த நாட்களில் வயலில் தண்ணீரைத் தேக்கி வைத்தால் பயிர் கொஞ்சம் குளிரும் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பூ எடுக்கும் வாரத்தில் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு, நாகப்பட்டினத்தில் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார். போகிற வழியில் என் வாசலில் வண்டியை நிறுத்தினார். "நாலு நாள் இருக்க மாட்டேன். வயலப் பாத்துக்கன்னு சொல்ல வரல. உன் கண்ணு பட்டா பதராயிடும். அந்தப் பக்கமே போயிடாத, லைப்ரரி!"

மோட்டார் கொட்டகைச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. நாலு நாளும் காலை ஒன்பது மணிக்கு வரப்பில் போய் நின்றேன். வெப்பமானியைப் பார்த்தேன், குறித்துக்கொண்டேன், திரும்பினேன். வயல் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த பந்தியில் அவரைப் பற்றி என்ன சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். நாலாம் நாள், இன்னும் நடக்காத ஒன்றை வாழ்க்கையில் முதல் முறையாக நோட்டில் எழுதினேன்: "அண்ணன் பயிர் பதர்."

பதராகவில்லை. பங்குனிக் கடைசியிலிருந்தே வெயில் ஒரே சீராக, நாளுக்குக் கொஞ்சமாக ஏறியிருந்தது. நான் சொல்லாததை வெயிலே முன்கூட்டிப் பயிருக்குச் சொல்லிவிட்டது. அது மட்டும்தான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் கதிர் தலை சாய்ந்துவிட்டது. எழுதிய வரியை அடித்தேன். பேனா தாளைக் கிழித்தது.

அறுவடை முடிந்த மறுநாள் இரண்டு வருடக் குறிப்பையும் தங்கைக்குப் போனில் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி சின்னண்ணே, போன வருஷம் உன் தப்பு இல்லன்னே வச்சுக்குவோம். அதுக்காக விளைய வச்சவர்கிட்டேருந்து புடுங்கி உன்கிட்டக் குடுக்கச் சொல்றியா?"

போனை வைத்தேன்.

அவள் அண்ணனிடம் பேசியிருக்க வேண்டும். ஆனி முதல் வெள்ளி, காலை ஏழரை மணிக்கு அவர் வந்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ வெயிலுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்கியாமே. அடுத்த கோடைக்கு எப்ப நடலாம்? ஒரு தேதி சொல்லேன்."

நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "சாகுபடிய என்கிட்ட விடுங்கண்ணே. அன்னைக்கே சொல்றேன்."

"டேய், உன்கிட்ட விடுறதுக்கு நான் பதரையே அறுத்துட்டுப் போவேன்டா."

"அறுங்கண்ணே," என்றேன்.