மெயில் பேச்சில் சேராது

எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் காரியம் முடிந்த அன்று வயலைப் பற்றி நான் ஏதோ யோசனை சொல்லப் போக, “நீ கட்டிக்கொடுத்துப் போனவ, இதுல உனக்கு என்ன?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். கட்டிக்கொடுத்துப் போனது எந்தச் சீமைக்கு? வயலிலிருந்து சைக்கிளில் வந்துவிடக்கூடிய குடவாசலுக்கு. கேட்டவன் இருந்தது சார்ஜாவில். “இனிமே உன்னோட எனக்குப் பேச்சு இல்ல” என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வந்தேன். அதோடு சரி.

பேச்சு இல்லை என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. சாவு வீட்டில் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை வரும், ஆனால் வா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் பேசாவிட்டால் என் வீட்டுக்காரரும் பேசக் கூடாது. ஆனால் தண்ணீர் மட்டும் இதில் சேராது. ஜென்ம விரோதியாக இருந்தாலும் அவன் வரப்பு உடைந்திருந்தால் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அப்பா பிரித்துக் கொடுத்த நிலத்தில் தம்பியின் பங்கையும் நான்தான் பார்த்து வந்தேன். உனக்கு என்ன என்று கேட்டவனுக்கு வேறு யாரிடம் விட மனசு வரும்? அதனால் வயல் சமாச்சாரம் மட்டும் அவனுக்கு மெயிலில் போகும். மெயில் பேச்சில் சேராது என்பது எங்கள் இருவருக்கும் சொல்லாமலே புரிந்திருந்தது.

தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பொருள் என்று தலைப்புப் போடாமல் எனக்கு எழுத வராது. பொருள்: தண்ணீர். ‘வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.’ பொருள்: நாற்று. ‘விதை விட்டாயிற்று.’ நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கிடையாது. அவனும் அதே கணக்கில் ஒரு வரி எழுதுவான்.

இதையெல்லாம் நான் செய்தது கூடத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரில். பிராட்பேண்ட் இணைப்பு வாங்கியபோது அந்தக் கம்பெனியே ஒரு மெயில் விலாசமும் கொடுத்து, கம்ப்யூட்டரில் மெயில் பார்க்க ஒரு பெட்டியும் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. திரையில் எது எழும்பினாலும் படிக்காமல் மூடிவிடுவது என் பழக்கம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்த பழக்கம் அது. அங்கே எழும்பியதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் ஜமாபந்திக் கணக்கு முடியாது.

அந்த வருடம் ஆடியில் தண்ணீர் வந்ததை எழுதினேன். பதில் இல்லை. விதை விட்டதை எழுதினேன். அதற்கும் இல்லை. புரட்டாசியில் நடவு முடிந்ததை எழுதிவிட்டுக் காத்திருந்தால், சில நாள் கழித்து அவனிடமிருந்து ஒரு வரி: ‘நடவு ஆச்சா?’ எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சொன்னதைப் படிக்காமலே கேள்வி கேட்கிறான், துரை. நடவு ஆகிவிட்டது என்று மறுபடியும் எழுதினேன். அதற்கும் அசைவில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, நட்ட பயிர் மூழ்கிவிட்டது. ஆள் கிடைக்காமல் ஒரு பகல் முழுக்க முட்டளவு தண்ணீரில் நின்று, முதலில் அவன் பங்கைத்தான் வடிய வைத்தேன். அவன் நிலம் பள்ளம். வீட்டுக்கு வந்து அதையும் எழுதினேன். அதற்கும் பதில் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு இன்னொரு மெயில் போட்டேன். பொருள்: இறுதி. ‘உன் வயலை நீயே வந்து பார்த்துக்கொள். மண்ணு மேல அக்கறை இல்லாதவனுக்கு மண்ணு எதுக்கு? அம்மா இருந்திருந்தாலும் உன்னை வாசற்படி ஏற்றியிருக்க மாட்டாள்.’ கடைசி வரி அதிகம் என்று எழுதும்போதே தெரிந்தது. ஆனாலும் அனுப்பு பொத்தானை அழுத்தினேன். ஏதோ ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. மூடினேன்.

கார்த்திகையில் அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. பொருள்: வருகை. வேலை முடிந்துவிட்டது, மார்கழியில் ஊர் திரும்புகிறேன், நெஞ்சில் ஒரு சின்ன வைத்தியம் நடந்தது, இப்போது பரவாயில்லை என்று எழுதியிருந்தான். கடைசியில், ‘ஊரில் எங்கே தங்குவது என்று தெரியவில்லை.’

அவன் மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அம்மா இருந்த வீடு மழையில் உட்கார்ந்துவிட்டது, இடித்துவிட்டோம். தெரியவில்லை என்று அவன் எழுதியது நிஜம். நான் அவ்வளவு சுடச்சுட எழுதிய பிறகும், அதைப் பற்றி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் இப்படி எழுதுகிறானே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதி அதையும் அழித்தேன். கடைசியில் நின்றது ‘வீட்டுக்கு வா’ மட்டும். பொருள் என்று எதுவும் போடவில்லை. அனுப்பிவிட்டு, மாடி அறையை ஒழித்து, நெல் மூட்டைகளைக் கீழே இறக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் எதற்கு என்று கேட்காமல் மூட்டைகளை இறக்கினார்.

அடுத்து வந்த மெயிலில் இருந்தது இதுதான்: ‘பதில் இல்லை. புரிகிறது. திருச்சியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஓர் அறை பேசியிருக்கிறேன். நாளைக்குச் சரி என்று சொல்லிவிடுவேன்.’

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதில் இல்லையா? வா என்று சொன்னேனே? அப்போதுதான் முதல்முறையாகத் திரையின் இடது ஓரத்தைப் பார்த்தேன். அவுட்பாக்ஸ் என்ற இடத்தில் என் மெயில் தடித்த எழுத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. இன்னொரு முறை அனுப்பினேன். சின்னப் பெட்டி எழும்பியது. இந்த முறை படித்தேன். அனுப்ப முடியவில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். வெகு நேரம் நாதஸ்வரம் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

“மோடத்துல பச்சை லைட் எரியுதா மேடம்?”

“எரியுதும்மா. மெயில் எல்லாம் வருது. போகத்தான் மாட்டேங்குது.”

“அப்ப உங்க இணைப்பு நல்லா இருக்கு மேடம்.”

“வர்றது எனக்கு நல்லா இருக்கு. நான் சொல்றது அவனுக்குப் போகணுமே.”

மோடத்தை அணைத்துப் போடச் சொன்னாள். போட்டேன். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாள். மாற்றியதும் வந்துகொண்டிருந்ததும் நின்றுவிட்டது. புதிய பாஸ்வேர்டை மெயில் பெட்டியிலும் போட்டதும் மறுபடி வர ஆரம்பித்தது. அனுப்புவது மட்டும் மசியவில்லை. புகார் பதிந்திருப்பதாகவும் உள்ளூர் ஆபீஸிலிருந்து ஆள் வருவார் என்றும் சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒரு போன் போட்டா முடிஞ்சுது.”

“பேச்சு இல்லையே.”

“அப்ப நான் போடட்டா?”

“நீங்க கூப்பிட்டா அது நீங்க கூப்பிட்டது. பேசாதவ நான். நான் சொல்லித்தான் அவன் வரணும்.”

“சொல்லத்தானே போனுங்கறேன்” என்று முணுமுணுத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் போன் செய்தால் நான் வாக்கு மாறியவள் ஆவேன். மெயில் என்றால் மாற வேண்டியதில்லை. அவனுக்கும் அதே வசதி. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சாயங்காலம் பிராட்பேண்ட் ஆபீஸ்காரர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கை கம்ப்யூட்டரிலும் காது போனிலுமாகவே இருந்தார். முதலில் வைரஸ் என்றார், தேடினார், இல்லை. பிறகு அவுட்பாக்ஸ் நிரம்பியதால் இருக்கும் என்றார். அப்புறம் கம்ப்யூட்டரே பழசு, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றார்.

“அவருக்குப் போன் நம்பர் இருக்காம்மா?”

“இருக்கு.”

“அப்ப போன் பண்ணிச் சொல்லலாமே. இல்ல, உங்க செல்லுல புதுசா ஒரு மெயில் ஐடி போட்டுத் தரவா?”

“தெரியாத விலாசத்துலேருந்து வந்தா யாரோ விளையாடறாங்கன்னு நினைப்பான். இதுலேருந்துதான் போகணும்.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் தஞ்சாவூரில் இருந்த தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டார். அங்கே யாரோ எடுத்த எடுப்பில் சொன்னார்கள். கண்ட கண்ட விளம்பர மெயில் போவதைத் தடுக்க, மெயில் வெளியே போகும் பழைய வழியைக் கம்பெனி ஆடிக்கு முன்னாலேயே மூடிவிட்டதாம். கம்ப்யூட்டரின் மெயில் அமைப்பில் இருபத்தைந்து என்று இருக்கும் எண்ணை ஐந்நூற்று எண்பத்தேழு என்று மாற்றி, அனுப்பும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைக்க வேண்டுமாம். வருகிற வழி வேறு என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பினோமே என்றார்களாம். அதையும் நான்தான் மூடியிருப்பேன்.

“ஆடிக்கு முன்னாலேயா?” என்றேன். அதற்குள் அவர் எண்ணை மாற்றி, கட்டத்தில் டிக் போட்டு, “இப்ப பாருங்க” என்று பொத்தானை அழுத்திவிட்டார்.

அவுட்பாக்ஸ் நகர ஆரம்பித்தது. ‘வீட்டுக்கு வா’ மட்டும் போகும் என்று நினைத்திருந்தேன். அதன் கீழே, நான் இறக்கிப் பார்க்காத இடத்தில், ஆடியிலிருந்து எழுதிய எல்லாம் கிடந்தது. முதலில் தண்ணீர் போயிற்று. பிறகு நாற்று. அப்புறம் நடவு இரண்டு தடவை, பிறகு வடிகால். அவனுக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ‘நடவு ஆச்சா?’ என்று அவன் கேட்டது திமிரால் இல்லை. வயலைப் பற்றிக்கூட அக்கா சொல்லாமல் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, கூச்சத்தோடு கேட்டிருக்கிறான். நெஞ்சில் வைத்தியம் செய்துகொண்டு கிடந்தபோதும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினேன். வரிசையில் அடுத்து இருந்தது ‘இறுதி’.

“ஏம்மா, போகுதே?” என்றார் சந்தோஷமாக. போய்விட்டது. ‘வீட்டுக்கு வா’ கடைசியாகப் போனது. பெட்டி காலி. நான் கொடுத்திருந்த டீயை அவர் குடித்து முடித்தார்.

அம்மா உன்னை வாசற்படி ஏற்றியிருக்க மாட்டாள் என்ற வரியை அவன் படித்துவிட்டால், அதற்கப்புறம் நான் வா என்று எத்தனை முறை எழுதி என்ன பிரயோசனம்? வாக்காவது, முறையாவது. மேசையில் கிடந்த செல்லை எடுத்தேன். பேச்சு நின்ற அன்றே தடுத்து வைத்திருந்த அவன் எண்ணை எப்படி விடுவிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் தன் செல்லை நீட்டினார். அதில் அவன் எண் ஏற்கனவே திரையில் இருந்தது. மத்தியானத்திலிருந்தே வைத்திருந்தார் போலிருக்கிறது.

மூன்றாவது மணியில் எடுத்தான். “மாமா?” என்றான்.

“நான்தான்” என்றேன். “மெயில் வந்திருக்கா? படிக்காதே.”

“வந்துக்கிட்டே இருக்கு அக்கா. மொத்தமா வருது.” குரல் இளைத்திருந்தது. “தண்ணி வந்துடுச்சுன்னு போட்டிருக்கே. நாத்து விட்டாச்சுன்னு... இதெல்லாம் எப்ப எழுதின?”

“அப்பப்ப எழுதினதுதான். போகல. மெஷின் கோளாறு. நீ வரிசையா படிக்காதே. கடைசியா வந்ததை மட்டும் திற.”

அவன் எதைத் திறந்திருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ்காரர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசல் பக்கம் நகர்ந்தார்.

“அக்கா” என்றான். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “கடைசி மெயில் திறக்க மாட்டேங்குது. இங்க நெட்டு ஸ்லோ. என்ன எழுதியிருக்கேன்னு நீயே சொல்லு.”

சார்ஜாவில் நெட் மெதுவாக இருக்காது என்று எனக்குத் தெரியும். நடுவில் வந்த அந்த ஒன்றைப் பற்றி அவன் அன்றைக்கும் கேட்கவில்லை, மாடி அறையில் இருக்கும் இன்றைக்கும் கேட்டதில்லை.

“வீட்டுக்கு வாடா” என்றேன்.