மரக்காலைக் காணியின் கறுப்பு மண்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது முதலில் தெரிந்தது, தண்ணீரின் மேல் ஊதாவும் பச்சையுமாக மிதந்த எண்ணெய்ப் படலம். அள்ளிய வாளியில் தார் மணந்தது.

தொண்ணூற்றாறில் நாங்கள் மூன்று குடும்பங்கள் வன்னியில், துணுக்காயில், முன்பு மரம் அரிந்து விற்ற ஒரு பழைய மரக்காலைக் காணியில் இருந்தோம். நானும் ஒரு வயல்காரரும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். மற்றவர் இரண்டு பிள்ளைகளுடன் தனியே இருந்த மலையகப் பெண். கிணறு அவருடைய பங்கில் இருந்தது. தண்ணீர் சரிவராவிட்டால் அவர் மூன்றாவது தடவையாக மூட்டை கட்ட வேண்டும்.

"இறைச்சால் தெளியும்," என்றார் வயல்காரர். எங்கள் ஊரில் கிணறு பழுதானால் அதுதான் வழக்கம். மூன்று தடவை அடிமட்டம் வரை இறைத்தோம். ஒவ்வொரு தடவையும் மணம் கூடியது.

"பிள்ளை, பேசாமல் இதை விளக்குக்கு ஊத்துங்கோ. மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிக்கத் தேவையில்லை," என்றார் வயல்காரர் அந்தப் பெண்ணிடம்.

அவர் சிரிக்கவில்லை. நான்காம் தடவை இறைத்து முடிந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். கீழேயிருந்து குரல் வந்தது.

"ஐயா, கெழக்குச் செவரு மட்டும் கறுப்பா வேர்க்குதுங்க. நாமதான் எறைச்சு எறைச்சு எண்ணெயை உள்ள இழுக்குறோம்."

கிழக்கே ஒரு மரத்தூள் குவியல் கிடந்தது. அதை அகற்றினோம். கம்பங்கள் உளுத்துப்போகாமல் இருக்க அவற்றைத் தார் எண்ணெயில் ஊறப்போடும் பழைய தொட்டி கீழே வெடித்துக் கிடந்தது. சுற்றிலும் மண் இடுப்பளவு ஆழத்துக்குக் கறுத்திருந்தது.

கைகளில் உரப்பைகளைக் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் வெட்டினோம். கிணறுகளே இல்லாத மேட்டில் குழி தோண்டி, களிமண் அறைந்து, கறுப்பு மண்ணை அதற்குள் கொட்டினோம்.

"வேலிக்கட்டைக்குப் போட ரெண்டு பை தாங்கோவன். கறையான் கிட்டவும் வராது," என்றார் வயல்காரர்.

"கறையானே சாவுற மண்ணுங்க. இன்னொரு கெணத்துப் பக்கம் போக விடமாட்டேன்," என்றார் அந்தப் பெண்.

"ஓம், ஓம். நீங்கள் சொன்னால் சரி," என்று அவர் மண்வெட்டியை எடுத்தார்.

ஒன்பதாம் நாள் மஞ்சள் மண் தெரிந்தது. குழியைத் தகரத்தால் மூடினோம். மாரி முடியும்வரை அந்தக் கிணற்றில் யாரும் அள்ளவில்லை. தையில் மறுபடி இறைத்து, ஊறிய தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் எடுத்து வெயிலில் வைத்தோம். படலம் இல்லை. மணமும் இல்லை. வயல்காரர் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

அன்று பின்னேரம் அந்தப் பெண் கிணற்றடியில் மிளகாய்க் கன்று நட்டார்.