ராமுத்தாயின் வாய்க்கால் படம்

அணைத் தண்ணீர் மலையிறங்கி வரும் லோயர் கேம்ப்பில் டீக்கடை வைத்திருக்கும் ராமுத்தாய், தினமும் விடிந்ததும் வாய்க்காலைப் போனில் படமெடுத்து மார்க்கையன்கோட்டைத் தம்பிக்கு அனுப்புவாள். அதைப் பார்த்துத்தான் அவன் வயலுக்குக் கிளம்புவான். பல வருடப் பழக்கம் அது.

ஒருநாள் அந்த அணை உடைந்ததாக எந்த நாட்டிலிருந்தோ ஒரு பொய்ப் படம் போன்களில் பரவியது. போலீசும் ராணுவமும் சேர்ந்து விசாரிக்க வந்து, அவள் போனைத்தான் பிடித்தார்கள்.

“எதுக்கும்மா தினம் வாய்க்காலப் படம் பிடிக்கிற? யாருக்கு அனுப்புற?”

“தண்ணி வருதான்னு தம்பிக்குத்தான்யா. ஆடு மாடும் தினம் வாய்க்காலப் பாக்குது, அதுகளையும் ஏத்திட்டுப் போங்க!”

போனை மட்டும் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் கேட்டால், “ராணுவத்துல வாங்கிட்டுப் போனாக” என்கிறார்கள். ராணுவ அதிகாரியோ போலீசிடம் கேட்கச் சொல்கிறார். பொய் பரப்பியவனை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. ராமுத்தாயின் போனும் வரவில்லை.