உச்சிவேளையில் வந்த சைக்கிள்

என் அப்பா யாரிடமும் கைநீட்டி எதையும் வாங்கியதில்லை. இதை அவரே வாய் ஓயாமல் சொல்வார். உண்மைதான். அதைப் போல அழுகிப்போன உண்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்பா அப்போது மாமல்லபுரம் பக்கம் கடற்கரைச் சாலையில் ஒரு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர். நாங்கள் காவலர் குடியிருப்பில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதற்கப்பால் முள்வேலி, பிறகு சவுக்குத் தோப்பு, அதற்கும் பிறகு கடல். கடற்கரையில் மாதத்துக்கு ஒரு விழாவாவது நடக்கும். பாட்டுக் கச்சேரி, உணவுத் திருவிழா, மணல் சிற்பம் என்று ஏதாவது ஒன்று. எதுவானாலும் அப்பா போய்ப் பார்த்து, பாதுகாப்பு ஏற்பாடு சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும்.

போலீஸ்காரர்கள் பரிசு வாங்கக் கூடாது, குறிப்பாகத் தன் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர்களிடம் வாங்கவே கூடாது என்று விதி உண்டு. அப்பாவுக்கு அது மனப்பாடம். ஒருமுறை விழாக்காரர் ஒருவர் வாசலில் நின்று ஸ்வீட் டப்பாவை நீட்டினார். அப்பா அதைத் தட்டிவிட்டார். ஜிலேபியெல்லாம் மண்ணில் கிடந்தது. “ரூல்ஸ் தெரியுமாய்யா உனுக்கு? கை நீட்ற ஆளா நானு?” என்று கத்தினார். குடியிருப்பே வேடிக்கை பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் பொருள்கள் முளைத்தன.

யாரும் கொண்டுவர மாட்டார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்காது. நல்ல வெயிலில், அம்மா கண்ணயரும் நேரத்தில், பின்பக்கம் ஏதாவது வந்து உட்கார்ந்திருக்கும். ஒருமுறை துவைக்கிற கல்மேல் புது மிக்சி. ஒருமுறை ஒரு கூடை மாம்பழம். ஒருமுறை பட்டுப்புடவை, மடிப்புக் கலையாமல், துணிக்கொடியில் தொங்கியது. அந்த நேரத்தில் நாய்கூடக் குரைக்காது. அப்பா சாப்பிட வருவார், அதைத் தாண்டி நடப்பார், பார்க்கவே மாட்டார். அடுத்த நாள் அது வீட்டுக்குள் இருக்கும்.

“யாரும்மா வச்சது?” என்று கேட்டேன்.

“முனி வச்சிட்டுப் பூட்சி. வாய மூடிக்கினு இரு” என்றார் அம்மா.

உச்சிவேளையில் முனி நடமாடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அது அடிக்கும், காய்ச்சல் கொடுக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு முனி மிக்சி கொடுத்தது. நான் பயந்தேன், பயந்துகொண்டே கணக்கும் போட்டேன். கடற்கரையில் விழா வருவதற்குச் சில நாள் முன்னால்தான் முனி வருகிறது. அப்படியானால் கேட்டுப் பார்க்கலாமே?

பட்டத் திருவிழா என்று ஊரெல்லாம் பேனர் கட்டிய வாரம், ஒரு மதியம் வேப்பமரத்தடியில் போய் நின்றேன். காற்று சுத்தமாக நின்றிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, “முனி, எனுக்கு ஒரு சைக்கிள் வேணும். செவப்புக் கலரு” என்று உரக்கச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, காதில் போன். என்னைப் பார்த்துச் சிரித்தார். உச்சி வெயிலில் அவர் காலடியில் நிழலே இல்லை. வீட்டுக்குள் ஓடிவந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மரத்தடியில் சிவப்புச் சைக்கிள் நின்றது.

அம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார். அப்பா வழக்கம்போலத் தாண்டி நடந்தார். நான் பழத்தை நசுக்கிவிட்டு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தேன். கேட்டேன், கொடுத்துவிட்டது. பதிலுக்கு அது என்ன கேட்கும்?

விழாவுக்கு அந்தச் சைக்கிளில்தான் போனேன். மேடைக்குப் பின்னால் நீல நிற நைலான் கயிறு பெரிய சுருளாகக் கிடந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதன்மேல்தான் சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். கடலுக்குள் ஆள் போகாமல் கரை நெடுகக் கட்ட வேண்டிய கயிறு அது. கட்டியாகிவிட்டது என்று அப்பா முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்று எல்லோரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டத் திருவிழாவில் கடலை யார் பார்ப்பார்கள்? சாயங்காலம் ஒரு மஞ்சள் பட்டம் கரையை விட்டு விலகிக் கடலுக்கு மேலே போய் நின்றது. மற்ற பட்டங்கள் ஆடின, இறங்கின. அது மட்டும் ஆணி அடித்ததுபோல் நின்றது. அதன் நூல் நேராகக் கீழே வந்து தண்ணீருக்குள் இறங்கியது. பிடித்துக்கொண்டு யாருமே இல்லை. மைக்கில் ஒருவர், “பாருங்க, பாருங்க, மஞ்சப் பட்டத்தப் பாருங்க!” என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

நூலின் அந்த முனை ஒரு பையனின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

படாளம் என்ற ஊரிலிருந்து விழா பார்க்க வந்த பையன். என் வயதுதான். கயிற்றைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விட்டான் என்று வழக்கு முடிந்தது.

காரியம் எல்லாம் முடிந்து அவனுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். மொட்டைத் தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. தோளில் ஒரு பை வேர்க்கடலை. சாரைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது என்று நினைத்திருக்கிறார். பையை இறக்கியதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எடுய்யா அத. நான் யார்கிட்டயும் எதும் வாங்கறதில்ல.”

“நெலத்துல வெளஞ்சது சார்...”

“எடுன்றேன்ல?”

அவர் பையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பாரத்தோடே நின்று பேசினார்.

“கேஸு கீஸு ஒண்ணும் வேணாம் சார். எம் புள்ள சொன்ன பேச்சக் கேக்கறவன். கவுறு இருந்தா தாண்டாதடானு சொல்லித்தான் இட்டாந்தேன். எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். மெய்யாலுமே கவுறு கட்டி இருந்திச்சா?”

“கட்டி இருந்திச்சு. எம் பொண்ணு அங்கதான் இருந்தா. அவளையே கேளு.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. வாசல் திண்டில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தார். அந்தச் சைக்கிளை அவர் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

அந்த ஆள் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். “பாப்பா, நீ சொல்லு கண்ணு. இருந்திச்சா?”

இல்லை என்று சொன்னால் முனி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

“இருந்திச்சு. நீலக் கலர் கவுறு” என்றேன்.

நிறத்தைச் சொன்னதும் அவர் நம்பிவிட்டார். முகத்தில் ஏதோ அணைந்தது. “அப்போ தாண்டித்தான் பூட்டானா... எம் பேச்சக் கேக்கலியா” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அந்தப் பையோடு வெயிலில் நடந்துபோனார். அவருக்குக் கடைசியாக மிச்சமிருந்தது மகனின் நல்ல பெயர் ஒன்றுதான். அதை நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் மதியம் பின்பக்கம் போனேன். சைக்கிள் கைப்பிடியில் பளபளவென்று ஒரு புது மணி மாட்டியிருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. சரியாகப் பதில் சொன்னதற்கு முனி கொடுத்தது என்று நினைத்தேன். அந்த மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தேன்.

உள்ளே அப்பா சாப்பிட உட்காரும் முன் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டு, தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். விரல் நகங்களில் கறுப்பாகச் சைக்கிள் மசகு ஒட்டியிருந்தது. அது போகவில்லை.