செயின் மூடியின் சூடு

இது நடந்தது. போன ஜூலையில், ஆஸ்திரேலியாவின் குளிர்காலத்தில், போர்ட் அகஸ்டாவில், என் ஒர்க்‌ஷாப்பில். என்னோடு பார்த்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருத்தி பேய் என்றாலே சிரிப்பவள். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

கார் என் மனைவி மெரினுடையது. ஆறு சிலிண்டர், பெரிய டர்போ. கம்பெனி கொடுத்ததைப் போல மூன்று மடங்கு சக்தி வருமாறு அவளே பிரித்துக் கட்டிய என்ஜின். முந்தின ஆகஸ்டில் அவள் இறந்தாள். அதன்பிறகு காரை ஓட்டுவது அவள் தம்பி ஜாரட்.

சனிக்கிழமை பந்தயம். அக்கா நினைவாக அந்தக் காரில் ஓடப் பெயர் கொடுத்திருந்தான். திங்கள் மாலை கொண்டுவந்து நிறுத்தினான்.

"போன வாரம் குளிர்ல ஸ்டார்ட் பண்ணேன், மச்சான். முன்பக்கம் சடசடன்னு ஒரு சத்தம். ஒரே ஒரு தடவைதான். சும்மா பாத்துடு."

சும்மா பார்க்கிற சத்தம் அல்ல அது. பிஸ்டனும் வால்வும் மோதாமல் ஒரே தாளத்தில் ஓடக் காரணம் டைமிங் செயின். தளர்ந்தால் அப்படித்தான் சடசடக்கும். அறுந்தால் என்ஜின் அந்த நொடியே இறுகிவிடும். பந்தய வேகத்தில் அது நடந்தால் ஜாரட் பிழைக்க மாட்டான். மெரின் வீட்டில் மிச்சம் அவன் ஒருவன்தான்.

செயினைச் சோதிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ராத்திரி முழுக்க என்ஜின் ஆற வேண்டும். யாரும் சாவியைத் தொடக் கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும், எண்ணெய் மேலேறுவதற்குள் வரும் முதல் மூன்று நொடிச் சத்தம்தான் உண்மையைச் சொல்லும்.

செவ்வாய் காலை, 6.30. வெளியே இரண்டு டிகிரி. பானெட்டைத் திறந்து என்ஜின் மேல் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. முன்னால், செயினை மூடியிருக்கும் அலுமினிய மூடியில் வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சாவி என் சட்டைப்பையில். கதவு நான் பூட்டியபடி. ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் ஓடியது; சடசடப்பு துளியும் இல்லை.

அன்று மாலை பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கே எடுத்துப் போனேன். புதன் காலையும் அதே சூடு. மூடியில் மட்டும்.

"என்ன மச்சான், தொட்டுத் தொட்டுப் பாக்கற? காய்ச்சலா அதுக்கு? மாத்திரை குடு" என்றான் ஜாரட்.

"நீ தொட்டுப் பாரு."

தொட்டான். கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டான். "வெயில் பட்டிருக்கும்" என்றான். வெயில் இன்னும் வந்திருக்கவில்லை.

வியாழன், லேப்டாப்பை மாட்டி என்ஜினை ஓடவிட்டேன். செயினின் அசைவு திரையில் கோடாக விழும். புதுச் செயினுக்கும் அந்தக் கோடு கொஞ்சம் நடுங்கும்.

இது நடுங்கவே இல்லை. அளவுகோல் வைத்து இழுத்தது போல் இருந்தது.

"அவ்வளவு சுத்தம்! எங்க அக்கா வேலை! இப்பவாவது சாவியக் குடு" என்றான் ஜாரட்.

"மூடியத் திறக்கணும்."

"திறந்தா ரெண்டு நாள் வேலை. சனிக்கிழமை போச்சு. விளையாடறியா?"

"ஒரு நாள் பொறு."

"அவ இருந்திருந்தா இப்படி இழுத்தடிச்சிருக்க மாட்டா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகஸ்டிலிருந்தே எனக்கு எதுவும் வருவதில்லை.

வெள்ளி காலை, 6.40. பேட்டரி வீட்டில். சாவி என் பையில். நீளத் திருப்புளியின் முனையை மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்தேன். உள்ளே நடப்பதைக் கேட்க நாங்கள் செய்வது அதுதான். நின்ற என்ஜினில் யாரும் செய்ய மாட்டார்கள்.

சர்ர்ர்ர்...

செயின் ஓடும் சத்தம்.

திருப்புளியை எடுத்தேன். அமைதி. என்ஜின் அசையவில்லை.

மறுபடி வைத்தேன்.

சர்ர்ர்ர்...

"மெரின்?" என்றேன்.

நின்றது.

ஜாரட்டைக் கேட்காமலே மூடியைப் பிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் வந்து சேர்ந்தான். திட்டினான். சாவியை எடுக்க என் பையில் கையை விட்டான். மல்லுக்கு நின்றோம். மூடி கழன்று தரையில் விழுந்தது.

இருவரும் நின்றுவிட்டோம்.

செயின் அறுந்து அடியில் சுருண்டு கிடந்தது.

முந்தின நாள் அரைமணி நேரம் ஓடவிட்ட என்ஜின் அது. சிலிண்டர் தலையைக் கழற்றினோம். வால்வு ஒன்றுகூட வளையவில்லை. பிஸ்டனில் ஒரு கீறலும் இல்லை.

"நேத்து நிறுத்தும்போது அறுந்திருக்கும்... இல்ல?" என்றான் ஜாரட்.

பந்தயத்துக்கு நாங்கள் போகவில்லை. திங்களன்று செயினைக் கடைசல் பட்டறை க்ளெனிஸிடம் கொடுத்தோம். முப்பது வருடமாக அறுந்ததையும் உடைந்ததையும் பார்ப்பவள். லென்ஸில் வெகுநேரம் பார்த்தாள்.

"என்னடா பசங்களா, என்னைய வெச்சுக் காமெடி பண்றீங்களா? இது எந்த என்ஜின்ல இருந்துச்சு?"

"மெரினோடது."

சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அறுந்த முனையைக் காட்டினாள். அறுபட்ட இடம் கறுத்திருந்தது. "எண்ணெய் சுட்டுச் சுட்டு, அடுக்கடுக்காப் படிஞ்சிருக்கு. சும்மா நிக்கிற என்ஜின்ல இப்படிப் படியாது. அறுந்த பிறகும் என்ஜின் ஓடியிருக்கு. ஒரு வருஷம் போல."

ஜாரட் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ஏப்ரல்ல நான் இதுல பந்தயம் ஓடினேனே."

க்ளெனிஸ் லென்ஸை மேசையில் வைத்தாள்.

"அப்பவும் அறுந்துதான் இருந்துச்சு."