சோழர் படையில் ஒரு சிலுவை அடையாளம்

காற்றடித்தால் வெள்ளைத்திரை உப்பும்... கூடவே ராஜாவின் முகமும் உப்பும்.

ஆவடி குடியிருப்பு மைதானத்தில், ஈர மண்ணில் பாய் விரித்து அந்தச் சரித்திரப் படத்தைப் பார்த்தோம். எண்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லத் தயக்கம்.

போர்க்காட்சியைச் செம்பரம்பாக்கம் ஏரி வற்றிக் கிடந்தபோது எடுத்திருந்தார்கள். எங்கள் தொழிற்சாலை வெல்டர் அந்தோணி லீவு போட்டுப் போய், அதில் சோழ வீரனாக நின்றார். அவர் மனைவி ஸ்டெல்லா இதை வீடு வீடாகச் சொல்லியிருந்தார்.

திரையிலோ எல்லோருக்கும் ஒரே தாடி, ஒரே தலைக்கவசம். யார் அந்தோணி என்று யாருக்கும் தெரியவில்லை.

"மாமே, நீ காஞ்ச ஏரில மீன் புட்ச்சிகினு இருந்திருப்ப" என்று அந்தோணியைப் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல். ஸ்டெல்லா பாதியிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் பார்த்திருந்தேன். முரசு கொட்டியதும், படை பாயுமுன், ஒரு வீரனின் கை நெற்றி, மார்பு, இரு தோள் என்று போய்வந்தது. வெல்டிங்கைப் பற்றவைக்குமுன் அந்தோணி தினமும் செய்வது அது.

நான் சரித்திரம் படித்தவன். அதனால் குடியிருப்பு மன்றத்துப் பலகையில் ஒட்டும் பட விமர்சனம் என் பொறுப்பு. போர்த்துக்கீசியர் வருமுன்பே அரண்மனைச் சமையலில் மிளகாய் வற்றல், எந்தக் கல்வெட்டிலும் இல்லாத பட்டத்துராணி... எல்லாம் எழுதினேன். சிலுவை அடையாளத்தை மட்டும் விட்டுவிட்டேன். குடியிருப்பே அவரைப் பார்த்துச் சிரிக்குமோ என்ற பயம்.

ஒட்டிய மறுநாள் காலை அவரே வாசலில் நின்றார்.

"இன்னா சார், மொளகாலாம் எய்திகிறீங்கோ, என் கைய உட்டுட்டீங்களே? அது நான்தான்னு காட்ட வேற இன்னா கீது? ஊட்ல மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேங்குது சார்."

அன்றே அடியில் சேர்த்தேன்: சோழர் படையில் சிலுவை அடையாளம் போடும் வீரர், வரலாற்றுப் பிழை. அவர் நம் அந்தோணி.

படத்தை மறுபடி போடச் சொல்லிக் குடியிருப்பே கேட்டது; போட்டார்கள். அந்தக் கை உயர்ந்ததும் மைதானம் முழுக்க விசில். பிறகு ராஜா செத்து விழுந்தபோதுகூட ஸ்டெல்லா சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது சரித்திரப் படம் வந்த அன்றே பிழைகளை அலசிவிடுகிறார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுகிறார்கள். நானும் ஒன்றுவிடாமல் படிக்கிறேன்.

ஆனால் "அது என் பிழைதான், என் பெயரையும் போடுங்கள்" என்று கேட்டு, காலையில் யாரும் கதவைத் தட்டுவதில்லை...