சத்தமில்லாமல் கழற்றிய டிஸ்க்

அசீனாவுக்கு ராஜபாளையத்து மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை கிடைத்தது 1987-இல். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு கிடந்தவள். பொம்பளைப் பிள்ளையை மில் வேலைக்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது அவளுடைய அத்தா அகமது கபீர் ஒரே பதில்தான் சொன்னார்: "அது ஏசி ரூமு. அங்க பஞ்சு பறக்காது."

மெட்ராஸில் ஒரு கம்பெனி கழித்துப் போட்ட பழைய மெஷின் அது. நாலு பீரோவை ஒட்டி நிறுத்தியதுபோல அறையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரே மெஷின்தான்; ஆனால் அதற்குள் நாலு மெஷின் இருப்பதுபோல அதை நடத்தலாம். நூற்பு யூனிட்டுக்கு ஒன்று, நெசவு யூனிட்டுக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று, மில் ஆஸ்பத்திரிக்கு ஒன்று. தனக்கென்று ஒரு மெஷின், தனக்கென்று ஒரு டிஸ்க், தனக்கென்று ஒரு பிரிண்டர் இருப்பதாகவே ஒவ்வொரு இடத்துக் கிளார்க்கும் நம்பினார். உண்மையில் பெரிய டிஸ்க் ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் முழு டிஸ்க் மாதிரிக் காட்டிக்கொண்டிருந்தாள் அசீனா. குடோனுக்கு இன்னொரு டிஸ்க் வேண்டுமென்றால் ஒரு வரி அடித்துச் சேர்ப்பாள். வேண்டாமென்றால் ஒரு வரி அடித்துக் கழற்றுவாள். மெஷினை நிறுத்த வேண்டியதில்லை. வேலை பார்த்துக்கொண்டிருக்கும் கிளார்க்குக்குத் தெரியக்கூடத் தெரியாது. முதல் இரண்டு வருஷம் அந்த வித்தையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

மில் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்துபோன டாக்டர் காமராஜ் வித்தியாசமான ஆள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியிலும், பஞ்சுப் பொதி உடைக்கும் இடத்திலும் வேலை செய்கிறவர்களை வரிசையில் நிறுத்தி, ஒரு குழாயில் மூச்சை ஊதச் சொல்வார். வேலைக்கு ஏறும் முன்னால் ஒரு தடவை, இறங்கிய பிறகு ஒரு தடவை. முள் எங்கே நிற்கிறதோ அதுதான் எண். பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெட்டவர்களுக்கு வார லீவு முடிந்து வேலைக்கு வருகிற நாளில்தான் நெஞ்சு அதிகமாக இறுக்கும், அதனால் அந்த நாளைத் தப்பவிடவே மாட்டார். மூன்று வருஷத்தில் நூற்று நாற்பது பேருடைய எண்கள் சேர்ந்தன. ஆஸ்பத்திரியில் இருந்த திரையில் அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுவார். அந்தப் பட்டியலை பிரிண்ட் போட்டுத் தரும்போதெல்லாம் அசீனா பார்த்திருக்கிறாள். இறங்கிக்கொண்டே போகிற எண்கள். அதில் ஒரு பேர் தவசிமுத்து.

தவசிமுத்து மம்சாபுரத்துக்காரர், கார்டிங்கில் இருபத்திரண்டு வருஷம். பகல் ஷிப்ட் நாட்களில் அசீனா வருகிற அதே பஸ்ஸில்தான் வருவார். ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்று, மூச்சு அடங்கிய பிறகுதான் டிக்கெட் கேட்பார்.

"அண்ணாச்சி, ஊதுனீங்களா நேத்து?" என்று அவள் கேட்பாள்.

"ஊதுனேன் தாயி. முன்னூத்திப் பத்து. போன வருசம் நானூறு போட்டேன்." ஏதோ பரீட்சை மார்க் குறைந்ததுபோல வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

1990 கடைசியில் டாக்டர் காமராஜ் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரித் திரை மூடியே கிடந்தது. அடுத்த மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் சங்கையா அவளைக் கூப்பிட்டார்.

"புது டையிங் யூனிட், அந்தச் சாயப் பட்டறை, திங்கக்கிழமை ஓடணும்மா. அதுக்கு ஒரு டிஸ்க் ஏத்திக் குடுத்துரு."

"இடம் இல்ல சார். எல்லாம் பிரிச்சாச்சு."

"ஆஸ்பத்திரிய எடுத்துரு. டாக்டரே இல்ல, அதுக்கு எதுக்கு ஒரு மெஷினு?"

"டேப்புல ஒரு காப்பி எடுத்துட்டு எடுக்கட்டுமா சார்?"

"புது டேப்பு வர பத்து நாளாகும். அதுக்குள்ள டையிங் நிக்குமா? பொறவு பாத்துக்கலாம்."

பிறகு எப்படிப் பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்தாள். அன்றைக்குத் தோன்றியதெல்லாம் நாலரை மணி பஸ்ஸும், முடிக்க வேண்டிய வேலையும்தான். ஆஸ்பத்திரியின் டிஸ்கைக் கழற்ற ஒரு வரி. அந்த இடத்தை டையிங்குக்குச் சேர்க்க ஒரு வரி. புதுச் சிலேட்டு மாதிரி சுத்தமாக்கிக் கொடுக்க இன்னொரு வரி. மொத்தமாக நாலைந்து நிமிஷம். மெஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

அடுத்து வந்த ஆனி மாதம் தவசிமுத்து கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரத் தயங்கி, கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட அவருடைய மனைவி தங்கபாய்.

"தாயி, என்னைய வேலைக்கு லாயக்கில்லன்னு நிறுத்திட்டாவ. நெஞ்சு கெட்டது பஞ்சாலதான்னு நிரூபிச்சாத்தான் வைத்தியத்துக்கு மில்லு பொறுப்பாம். மில்லுல, நான் பீடி குடிச்சுக் கெட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காவ. டாக்டரய்யா போட்ட நம்பர் எல்லாம் உங்க மெஷின்ல இருக்குல்லா? அத ஒரு தாளுல அடிச்சுக் குடு."

அசீனா எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்தாள். "பாத்துச் சொல்றேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று தெரிந்தும் மூன்று நாள் பார்த்தாள். பழைய டேப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். எல்லாவற்றிலும் பழையது அழிந்து, அதன் மேல் நூற்புக் கணக்கு பதிவாகியிருந்தது. ஆஸ்பத்திரி அலமாரியில் டாக்டரின் பிரிண்டுகளைத் தேடினாள். அறைக்கு வெள்ளையடித்தபோது பழைய தாளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டதாகக் கம்பவுண்டர் சொன்னார். யூனியன் ஆபீசில் டாக்டரின் விலாசம் வாங்கி வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. தன்னிடம் நகல் இல்லை, எல்லாமே உங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்குமே என்று எழுதியிருந்தார்.

யூனியன் ஆபீசுக்குப் போனபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. பஞ்சு நோய்க்காரர்களின் மூச்சு எண்களைக் கேட்டு யூனியன் மில்லுக்கு எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தின் தேதி, அவள் டிஸ்கைக் கழற்றியதற்கு மூன்று வாரம் முந்தியது. அவள் நேராகச் சங்கையாவிடம் போய் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மேல இருக்கவங்க ஆஸ்பத்திரிய எடுன்னாங்க. நான் ஒன்ட்ட சொன்னேன். நீ எடுத்த. வேற என்னத்தம்மா சொல்ல?"

வேலை போய்விடும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அத்தா தடுத்தார். அவள் கேட்காமல் மம்சாபுரத்துக்குப் போனாள். தவசிமுத்து கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. அவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கழற்றியது தன் கைதான் என்றும் சொன்னாள்.

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "எடுக்கும்போது சத்தம் கித்தம் எதுவும் வரலையா தாயி?"

"வரல அண்ணாச்சி."

"ஒரு பெல்லுகூட அடிக்காதா?"

"அடிக்காது."

"கார்டிங் மெஷின்ல ஒரு பெல்ட்ட கழத்துனா அந்தத் தெருவுக்கே கேக்கும்" என்றார். தங்கபாய் கொடுத்த காப்பியை அசீனா கட்டிலடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

வைத்தியச் செலவு கேட்டுத் தவசிமுத்து போட்ட மனு மேல் விசாரணை மதுரையில் நடந்தது. அசீனா சாட்சி சொல்லப் போனாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு தாள். எந்தத் துண்டு யாருக்கு என்று மெஷின் வைத்திருந்த பட்டியலின் பிரிண்ட் அது. ஆஸ்பத்திரி என்று ஒரு வரி, டிஸ்கின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று இரண்டு எண்கள், கழற்றிய தேதி. விசாரணை அதிகாரி நல்ல மனுஷன். பொறுமையாக வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"இதுல ஒரு இடம் இருந்துச்சு, அத எடுத்தாங்கன்னு இருக்கு. இவருக்கு நோய் இருந்துச்சுன்னு எங்கம்மா இருக்கு?"

"அந்த இடத்துலதான் சார் இருந்துச்சு. நான் பாத்திருக்கேன்."

"இவர் நம்பர் என்ன? வருஷவாரியாச் சொல்ல முடியுமா?"

நூற்று நாற்பது பேரின் எண்களைப் பார்த்தவளுக்கு ஒருவருடைய எண்ணும் வருஷவாரியாக நினைவில் இல்லை. பின்பெஞ்சிலிருந்து தவசிமுத்து எழுந்து, "முன்னூத்திப் பத்து ஐயா" என்று சொல்ல ஆரம்பித்தார். இருமல் வந்துவிட்டது. அது அடங்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அதிகாரி அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

மனு தள்ளுபடி ஆனது. 1993 மார்கழியில் தவசிமுத்து இறந்தார். அடக்கத்தன்று மம்சாபுரம் மாதாகோயிலுக்கு அசீனா போனபோது தங்கபாய் வாசலுக்கே வந்துவிட்டாள். கோபமில்லாத குரலில் சொன்னாள்: "நீ பொய் சொல்லாத பிள்ளதான், தெரியும். ஆனா இன்னைக்கு ஒன் மூஞ்சியப் பாக்க முடியல. போயிட்டு வா."

அவள் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தாள். சாட்சி சொன்னதற்காக மில் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அந்த மெஷினை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. டிஸ்க் சேர்க்கும் வேலையும் கழற்றும் வேலையும் வந்துகொண்டேதான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொந்தச் செலவில் வாங்கிய டேப்பில் காப்பி எடுத்து, பேர் எழுதி அடுக்கினாள். அதில் ஒன்றைக்கூட யாரும் கேட்டு வரவில்லை.

கேட்டு வந்தவர்கள் கார்டிங்காரர்கள்தான். ஆறு மாதத்துக்கு ஒருவராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். தன் எண் உள்ளே இருக்கிறதா என்று கேட்பார். முதலில் வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததை விளக்கிச் சொல்லி அவளும் அழுதாள். பிற்பாடு வந்தவர்களுக்கு விளக்கம் சுருங்கியது.

பதினோராவதாக வந்தவர் வேல்சாமி, செட்டியார்பட்டிக்காரர். 1995-இல் ஒரு மத்தியானம். குடோனுக்கு ஒரு டிஸ்க் சேர்த்துக்கொண்டிருந்தாள். "அது இப்ப இல்லண்ணே, எடுத்தாச்சு" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் இருமுவது படிக்கட்டுவரை கேட்டது. அப்போதுதான் அவள் கவனித்தாள், பதில் சொல்லும்போது தன் விரல்கள் கீபோர்டைவிட்டு எழவே இல்லை. திரையில் அடித்த வரி ஒரு பிழையுமில்லாமல் முடிந்திருந்தது.